யாரைப் பார்த்து நடப்பது? வன்னி வாலிபர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கத்து வாலிபர் கூட்டங்களில் "நல்ல முன்மாதிரி" என்ற தலைப்பை எடுத்தால் கேள்விகளுக்குக் குறைவிருக்காது. சிலர் எழும்பி நின்று கேட்பார்கள். கூடுதலானோர் துண்டில் பெயரில்லாமல் எழுதித் தருவார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவற்றைக் கேட்ட பேச்சிலேயே இங்கே போட்டிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள், அதனால் பேச்சில் அந்த வாடை இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகளும் மற்றச் சபைப் பிள்ளைகளும் தங்கள் வழக்கத்துக்கு ஏற்றபடி வாசித்துக்கொள்ளுங்கள்.

இயேசு இருக்கிறார்தானே. பிறகேன் மனிசரைப் பார்க்கவேணும்?

இயேசுவைத்தான் பார்க்கவேண்டும். சீஷருடைய கால்களைக் கழுவிவிட்டு, "நான் உங்களுக்குச் செய்ததுபோல நீங்களும் செய்யும்படி உங்களுக்கு மாதிரியைக் காண்பித்தேன்" என்றவர் அவர். ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, "நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல, நீங்கள் என்னைப் பின்பற்றுகிறவர்களாயிருங்கள்" என்று துணிந்து சொல்கிறார். கொரிந்துக்காரர் கலிலேயாவைக் கண்டவர்கள் இல்லை. அவர்கள் கண்டது பவுலை. பகலில் கூடாரம் தைத்து, தன் சாப்பாட்டுக்குத் தானே உழைத்து, ஒருவருக்கும் பாரமாக இராத ஒரு மனிதரைத் தங்கள் தெருவிலேயே கண்டார்கள்.

எங்கள் கையில் நாலு சுவிசேஷமும் இருக்கிறது. ஆனாலும் மீள்குடியேறி வந்து பார்த்தால் பக்கத்துக் காணிக்காரன் எல்லைக் கதியாலை இரண்டு முழம் தள்ளி நட்டிருக்கிறான், பிரதேச செயலகத்துக்கு ஏறி இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை, அவனை எப்படி மன்னிப்பது? மன்னிப்பதென்றால் காணியை விட்டுவிடுவதா, வழக்குப் போட்டபடியே அவன் வீட்டுச் செத்தவீட்டுக்கும் போவதா? இதைச் செய்து காட்டியவர் ஒருவர் ஊரில் இருந்தால், மத்தேயு ஐந்தாம் அதிகாரம் உங்களுக்கு வேறு மாதிரி விளங்கும். அதற்குத்தான் மனிதர் தேவை.

நல்ல ஆள் எண்டு எதை வைச்சுச் சொல்லுறது? நல்லா ஜெபிப்பார் எண்டால் போதுமே?

போதாது. அழகாக ஜெபிப்பதில் குரலும் பழக்கமும் பாதி வேலை செய்யும். அந்த ஆளைக் கிழமைநாளில் பாருங்கள். உங்களால் கிழமைநாளில் பார்க்க முடியாத ஒருவரை முன்மாதிரியாக எடுக்காதீர்கள் என்பதுதான் நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வது. அதோடு இன்னொன்றும் சொல்வேன்: அவராலும் உங்களைப் பார்க்க முடியவேண்டும். நீங்கள் சனிக்கிழமை எங்கே நின்றீர்கள், யாரோடு நின்றீர்கள் என்று தெரிந்து, "தம்பி, இது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய தூரத்தில் அவர் இருக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் இருக்கிறார். ஆலயத்தில் கடைசி வாங்கில்தான் இருப்பார். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எழும்பி ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு இருந்துவிடுவார். இரணைமடுத் தண்ணீரில் நெல் செய்கிறவர். குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு எல்லாருடைய முழுக் காணிக்கும் பாயாது. கூட்டம் வைத்து, ஆளுக்கு இத்தனை ஏக்கர், வாய்க்காலுக்கு இத்தனை மணித்தியாலம் என்று முறை போடுவார்கள். இரவு முறையில்தான் சிக்கல். நடுச்சாமத்தில் யார் எத்தனை மணிக்கு மடையை அடைத்தான் என்று பார்க்க ஒருவரும் நிற்கமாட்டார்கள். அரை மணித்தியாலம் பிந்தி அடைத்தால் தன் வயல் நிரம்பும், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவனுடைய வயல் வெடிக்கும். இந்த மனிதர் ரோச் லைற்றோடு வரம்பில் குந்தியிருப்பார். தன் நேரம் முடிந்ததும் மண்வெட்டியால் நாலு வெட்டு மண் போட்டு மடையை அடைத்துவிட்டு, அடுத்த முறைக்காரனுக்குப் போன் அடிப்பார். "தம்பி, தண்ணி உன்ர பக்கம் வருது, எழும்பி வா." அந்தத் தம்பி சைவப் பிள்ளை. கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று அவனிடம் யாரும் கேட்டால், அவன் எங்கள் பாட்டையும் ஆராதனையையும் பற்றிச் சொல்லப்போவதில்லை, இந்தப் போன் அழைப்பைத்தான் சொல்வான். சபையை நடத்துகிறவன் புறம்பானவர்களிடத்திலும் நற்சாட்சி பெற்றவனாயிருக்கவேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதைத்தான். ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமானால் சபைக்குள் கேட்பதை விடக் கடைக்காரரிடம் கேளுங்கள், ஓட்டோத் தரிப்பிடத்தில் கேளுங்கள், அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

அடுத்தது காசு. கடன் இருப்பது குற்றமில்லை. வன்னியில் கடன் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள், நுண்கடன் குழு, நகை அடகு, சீட்டு என்று ஏதாவது ஒன்று இருக்கும். கடன் கொடுத்தவரை ரோட்டில் கண்டால் அவர் என்ன செய்கிறார்? ஒழுங்கைக்குள் திருப்பிவிடுகிறாரா? இல்லாவிட்டால் நேரே போய், "இந்த மாசம் ஏலாது, நெல்லு வெட்டித்தான் தரலாம்" என்கிறாரா? சீட்டுப் பிடிக்கிற அம்மா என்றால் கொப்பியை எல்லாருக்கும் காட்டுகிறாரா?

வீட்டையும் பாருங்கள். அவர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் முற்றத்துக்கு வருகிறார்களா, அறைக்குள் போகிறார்களா? மனைவி அவருக்கு முன்னால் மாற்றுக் கருத்துச் சொல்கிறாவா? இதையெல்லாம் ஒளிந்திருந்து பார்க்கத் தேவையில்லை. நாலு தடவை தேத்தண்ணி குடிக்கப் போய்வந்தால் தெரியும்.

கடைசியாக, அவர் யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். இது எங்கள் சபைகள் பேச விரும்பாத விசயம். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய சனத்தின் பிள்ளைகள் இன்று எங்கள் ஆலயங்களில் பாதி வாங்கை நிரப்புகிறார்கள். அவர்களோடு ஒரே வாங்கில் இருந்து நற்கருணை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் கைநனைக்கிறார்கள்? சாதி பார்க்காமல் சம்பந்தம் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அதைக் கண்டித்தார். பேதுருவையே பிடித்த பிழை இது. நீங்கள் தெரிவு செய்கிறவரிடமும் இருக்கலாம். இருந்தால் அந்த விசயத்தில் அவரைப் பின்பற்றாதீர்கள்.

ஊரில ஒருத்தரும் சரியில்லை. நான் யூரியூப்பில ஒரு பாஸ்ரரைத்தான் பின்பற்றுறன். பிழையா?

அவருடைய போதனை வேதத்தோடு ஒத்துப்போனால் கேளுங்கள். பெரேயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்தார்கள், அதை நீங்களும் செய்யுங்கள். ஆனால் போதிக்கிறவர் வேறு, முன்மாதிரி வேறு. அவர் கிழமையில் ஒரு மணித்தியாலத்தை, தானே தெரிவு செய்து, வெட்டி ஒட்டி உங்களுக்குக் காட்டுகிறார். மிச்சத்தை நீங்கள் காணவில்லை. உங்களை அவர் காணவேயில்லை. நீங்கள் நாளைக்கே ஐஸ் போதை பழகினாலும் அவருடைய அடுத்த வீடியோ அதே நேரத்துக்கு வரும்.

அப்பொல்லோவை நினைத்துப் பாருங்கள். சாதுரியமாகப் பேசுகிறவர், வேதாகமங்களில் வல்லவர். எபேசு ஜெபஆலயத்தில் அவர் பேசியதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். இந்த இரண்டு பேரும் கூடாரத் தொழிலாளர். பெரிய பேச்சாளருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திருத்த ஆள் தேவைப்பட்டது. உங்கள் யூரியூப் போதகரை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திருத்துகிறவர் யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் அவதானமாக இருங்கள். வங்கிக் கணக்கு இலக்கம் திரையில் ஓடத் தொடங்கினால் இன்னும் அவதானமாக இருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து மூன்று நாள் கன்வென்சன் நடத்திவிட்டுப் போகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

அப்ப எங்கட பாஸ்ரர் அல்லது பாதர்தானே முன்மாதிரியாக இருக்கவேணும்?

இருக்கவேண்டும். மந்தைக்கு மாதிரியாக இருங்கள் என்று மூப்பருக்கு எழுதியது பேதுரு. பலர் அப்படி இருக்கிறார்கள். ஆனால் மாற்றம் வந்தால் போய்விடுவார்கள், ஒரே ஆள் நாலு ஆலயத்தைப் பார்க்கிற இடமும் இருக்கிறது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஒரு சபையாரைத் தெரிவு செய்தால் பாஸ்ரருக்குக் கோபம் வரும் என்று சில பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கோபம் வருகிறதென்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். யோவானின் மூன்றாம் நிருபத்தில் வருகிற தியோத்திரேப்பு அப்படி முதன்மையாயிருக்க விரும்பியவன். அதே சிறிய கடிதத்தில் நல்ல சாட்சியுள்ள காயுவும் தேமேத்திரியும் வருகிறார்கள். "தீமையானதைப் பின்பற்றாமல் நன்மையானதைப் பின்பற்று" என்று யோவான் எழுதியது அந்தச் சூழலில்தான்.

எங்களுக்குப் பெரியாக்கள் எங்க மிச்சம்? எனக்கு அப்பா இல்லை. மாமாமாரும் இல்லை.

இந்தக் கேள்வி பேனை அழுத்தி எழுதப்பட்ட ஒரு துண்டில் வந்தது. வேறு ஊர்களில் எழுதப்பட்ட கிறிஸ்தவப் புத்தகங்கள், "உங்கள் தகப்பனைப் பாருங்கள், சபை மூப்பரைப் பாருங்கள்" என்று இலகுவாகச் சொல்லிவிடும். 2009 ஆம் ஆண்டுக்குப் பிறகு வன்னியில் அது இலகுவான பேச்சில்லை. இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கடல் கடந்து போனவர்கள் என்று ஒரு தலைமுறை ஆண்களில் எத்தனையோ வீடுகளில் ஒருவரும் இல்லை.

தீமோத்தேயுவின் வீட்டைப் பாருங்கள். தகப்பன் கிரேக்கன் என்று மட்டும் வேதம் சொல்கிறது. அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது, அங்கிருந்து பிள்ளைக்கு வந்தது என்று பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். தகப்பன் செய்யாத வேலையைப் பிறகு பவுல் கொஞ்சம் செய்தார், லீஸ்திரா ஊர்ச் சகோதரரும் கொஞ்சம் செய்திருப்பார்கள்.

எங்கள் ஊர்களில் விசுவாசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாமார்தான். இடப்பெயர்வில் தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளை இருத்தி இருபத்துமூன்றாம் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர்கள், முகாமிலிருந்து திரும்பி வந்து கிணறு இறைத்து, கச்சான் வறுத்து விற்றுப் பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்பியவர்கள். நீங்கள் ஆண்பிள்ளையாக இருந்தாலும் ஒரு அம்மாவை முன்மாதிரியாக எடுக்கலாம். வெட்கம் ஒன்றும் இல்லை. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதபடி, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளை எடுத்துப் பேதுருவுக்குக் காட்டினார்கள். ஒருவர் போனபின் சனம் எதைக் கையில் எடுத்துக் காட்டும் என்பது அவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு நல்ல அளவு.

ஒரே ஆளிடம் எல்லாம் கிடைக்கவேண்டும் என்றும் பார்க்காதீர்கள். உழைப்பை ஒருவரிடம், பொறுமையை ஒருவரிடம், வேதம் வாசிக்கும் பழக்கத்தை இன்னொருவரிடம் பழகலாம்.

ஒருத்தரை மட்டும் வைச்சிருந்தால் என்ன பிழை?

இரண்டாம் நாளாகமம் இருபத்துநாலாம் அதிகாரத்தை ஒருமுறை ஆற அமர வாசியுங்கள். யோவாஸ் ஏழு வயதில் ராஜாவானவன். ஆசாரியன் யோய்தாதான் அவனைக் காப்பாற்றி, வளர்த்து, சிங்காசனத்தில் இருத்தியவன். யோய்தாவின் நாளெல்லாம் யோவாஸ் செம்மையானதைச் செய்தான். ஆலயத்தைப் பழுதுபார்த்தான், பெட்டி வைத்துக் காசு சேர்த்தான், எல்லாம் ஒழுங்கு. யோய்தா முதிர்வயதில் இறந்தார். யூதாவின் பிரபுக்கள் வந்து ராஜாவைப் பணிந்துகொண்டார்கள், ராஜா அவர்கள் சொல்லைக் கேட்டான். அதே யோய்தாவின் மகன் சகரியா தவறைச் சுட்டிக்காட்டியபோது, ஆலயப் பிராகாரத்திலேயே அவனைக் கல்லெறிந்து கொல்லச் சொன்னான்.

யோய்தாவில் பிழை இல்லை. அவரைப் போல நல்ல முன்மாதிரி கிடைப்பது அரிது. பார்த்துச் செய்வதைத் தவிர யோவாஸ் ஒன்றையும் தனக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அக்கா கொழும்புக்கு மாறிப்போனதும் ஜெபம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் நீங்கள் அக்காவோடு ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். ஒருவர் சரிந்தாலும் போனாலும் இன்னொருவர் பிடிக்கிற மாதிரி இரண்டு மூன்று பேரை வைத்திருங்கள். அவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத ஆட்களாக இருந்தால் இன்னும் நல்லது. பவுலும் பர்னபாவும் மாற்குவை முன்னிட்டுக் கடுமையாகப் பிரிந்துபோனார்கள். இருவரிடமும் பழகிய மாற்குதான் பிறகு பவுலுக்கே பிரயோசனமானவனாக வந்தான்.

இறந்துபோனவர்களை முன்மாதிரியாக எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒருவிதத்தில் அவர்கள்தான் பாதுகாப்பு, ஏனென்றால் முடிவு தெரியும். எபிரெயர் பதின்மூன்றாம் அதிகாரம் நடத்தினவர்களை நினைக்கச் சொல்லும்போது, "அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து" என்றுதான் சொல்கிறது. உங்களைப் பார்த்துத் திருத்த அவர்களால் முடியாது, அந்தக் குறை இருக்கத்தான் செய்யும். அதனால் உயிரோடு இருப்பவர்களுக்குப் பதிலாக அவர்களை எடுக்காதீர்கள், கூட வைத்துக்கொள்ளுங்கள்.

யோசேப்பு வாஸ் அடிகளை எடுங்கள். (மெதடிஸ்தக்காரிக்கு வாஸ் சுவாமியாரோடு என்ன அலுவல் என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல மனிதர்மேல் எந்தச் சபையும் உறுதி எழுதி வைத்திருக்கவில்லை.) 1651 ஆம் ஆண்டு கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 ஆம் ஆண்டு, குருவென்று தெரியாதபடி ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்தில் கடும் நோயில் விழுந்து எழும்பினார். 1692 இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். சிறையில் இருந்தபடி சிங்களம் படித்தார். 1697 இல் கண்டியில் அம்மைநோய் பரவியது. பயத்தில் சனம் கைவிட்ட நோயாளிகளைத் தேடிப்போய்க் கழுவினார், சாப்பாடு கொடுத்தார், இறந்தவர்களைப் புதைத்தார். பௌத்தர், கிறிஸ்தவர் என்று பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே மடுவுக்கு வந்ததை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் போன் உயர்த்திப் படம் எடுத்தவர்கள், அம்மைநோய்க்காரரைக் கழுவிய கைகளை ஒருமுறை நினைத்தால் எடுத்த படத்துக்கும் ஒரு பிரயோசனம் இருக்கும்.

இன்னும் கிட்டப் பார்க்கவேண்டுமா? 1544 இல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சனம் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோருடைய பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை. விசுவாசத்துக்கு வந்து கொஞ்சக் காலமே ஆன கடற்கரைச் சனம். அனுபவம் போதாது, பிறகு பார்ப்போம் என்று அவர்கள் சொல்லவில்லை.

1847 இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் வேறொரு மாதிரி. மானிப்பாயில் இருந்தபடி தான் தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தவர். தாதிமார் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் முன்மாதிரி கேட்டால் நான் முதலில் சொல்வது இவரைத்தான்.

முள்ளிவாய்க்கால் வரை சனத்தோடு நின்று, 2009 மே 18 இல் வெளியேறி வரும்போது மாரடைப்பால் இறந்த அருட்தந்தை சரத்ஜீவனைப் பற்றி நான் எழுதுவதைவிட, அவரோடு பதுங்குகுழியில் இருந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

என்ர மனசில இருக்கிற ஆள் சண்டையில செத்த என்ர அண்ணா. அவரை முன்மாதிரி எண்டு சொன்னால் சபையில் முகம் சுழிக்கினம்.

பிள்ளை, அண்ணாவை நினைப்பதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. முகம் சுழிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்து அழவில்லை. ஆனால் ஒன்றை இருந்து யோசியுங்கள்: அண்ணாவிடம் எதை நீங்கள் பின்பற்ற விரும்புகிறீர்கள்? தனக்குக் கிடைத்த பாணில் பாதியைத் தங்கைக்கு வைத்ததையா, பயமில்லாமல் உண்மையைச் சொன்னதையா, அம்மாவுக்கு எழுதிய கடிதங்களையா? அவற்றை எடுங்கள், கிறிஸ்துவோடு அவை ஒத்துப்போகும். ஆயுதத்தையும் பகையையும் எடுக்காதீர்கள். பேதுருவிடம் பட்டயத்தை உறையிலே போடு என்று சொன்னவரைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். அண்ணா எந்தச் சூழலில் எப்படி அதற்குள் போனார், விரும்பிப் போனாரா, இழுக்கப்பட்டாரா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

நான் நம்பின ஆள் விழுந்துபோனார். இப்ப ஆலயத்துக்குப் போகவே மனமில்லை.

என்ன விழுகை என்பதைப் பொறுத்தது. கோபத்தில் கையை நீட்டிவிட்டு அடுத்த நாள் வந்து மன்னிப்புக் கேட்டவரும், விதவையின் வீட்டுத்திட்டக் காசில் கை வைத்துவிட்டுப் பேசாமல் பிரசங்கிக்கிறவரும் ஒன்றில்லை. தாவீது விழுந்தவர்தான். நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றபோது தீர்க்கதரிசியைச் சிறையில் போடாமல், "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றார். விழுந்தவர் எப்படி எழும்புகிறார் என்று கொஞ்சக் காலம் தள்ளி நின்று பாருங்கள். பிழையை ஒத்துக்கொண்டு, பொறுப்பிலிருந்து இறங்கி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறாரா? "சாத்தான் என்னைச் சோதித்தான், நீங்கள் நியாயந்தீர்க்காதீர்கள்" என்று மைக்கில் சொல்கிறாரா?

அவர் கற்றுத்தந்த வேதம் அவருடைய சொத்தில்லை. "அவர்கள் சொல்லுகிறார்கள், சொல்லியும் செய்யாதிருக்கிறார்கள்" என்று பரிசேயரைப் பற்றிச் சொன்ன இயேசு, சொன்னதைக் கைக்கொள்ளவும் செய்கையை விட்டுவிடவும் சொன்னார். ஆலயத்துக்குப் போக மனமில்லாவிட்டால் சில கிழமை பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போங்கள். ஒரேயடியாக நிற்பாட்டாதீர்கள்.

பெண்பிள்ளைகள் ஒரு அண்ணாவையோ பாஸ்ரரையோ முன்மாதிரியாக வைச்சிருக்கலாமா?

வைத்திருக்கலாம், ஆனால் வெளிச்சத்தில். தீத்துவுக்கு எழுதும்போது முதிர்வயதுள்ள பெண்கள் இளம்பெண்களுக்குப் படிப்பிக்கவேண்டும் என்று பவுல் சொன்னதில் நல்ல நடைமுறைப் புத்தி இருக்கிறது. முதலில் ஒரு அக்காவையோ அன்ரியையோ தேடுங்கள்.

ஆணோ பெண்ணோ, நீங்கள் தெரிவு செய்தவர் இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டால், "இதை அம்மாவுக்குச் சொல்லாதை" என்றால், தனியே ஜெபிக்கக் கதவைப் பூட்டினால், உங்கள் படத்தைக் கேட்டால், அங்கேயே நிற்பாட்டுங்கள். ஆவிக்குரிய காரணம் எத்தனை சொன்னாலும் கேட்கத் தேவையில்லை. வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று உங்களை வாய்மூடச் சொல்கிறவர் உங்களுக்கு முன்மாதிரி இல்லை. ஆண்பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன், உங்களுக்கு இது நடக்காது என்று நினைக்காதீர்கள்.

சைவக்காரர் ஒருவரை முன்மாதிரியாகக் கொள்ளலாமா?

நேர்மையையும் தயவையும் எங்கே கண்டாலும் பழகுங்கள். நூற்றுக்கு அதிபதியைப் பார்த்து, இஸ்ரவேலருக்குள்ளும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று இயேசு ஆச்சரியப்பட்டார். அயலான் யார் என்று கேட்டவனுக்குச் சமாரியனைக் காட்டினார். உங்களுக்கு இலவசமாக ரியூசன் தந்த சைவ ஆசிரியரிடம் பழகியதை மறைக்காதீர்கள். ஜெபிக்கவும் வேதத்தை விளங்கவும் ஒரு கிறிஸ்தவரை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஞாயிறு பாடசாலை படிப்பிக்கிறன். பிள்ளையள் என்னைப் பார்த்துச் செய்யினம். எனக்குப் பயமாக் கிடக்கு.

பயம் நல்லது. பிள்ளைகள் உங்களைப் பார்ப்பதை உங்களால் நிற்பாட்ட முடியாது, ரிக்ரொக்கில் நீங்கள் போடுவதையும் பார்க்கிறார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு வார்த்தையிலும் நடக்கையிலும் அன்பிலும் ஆவியிலும் விசுவாசத்திலும் கற்பிலும் மாதிரியாயிரு என்று எழுதியபோது அவன் இளைஞன்தான். பிழை விட்டால் பிள்ளைகளுக்கு முன்னால் "நான் பிழை விட்டிட்டன்" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்லி எங்கள் பிள்ளைகள் கேட்டதே குறைவு.

எனக்கு ஒருவரைப் பிடிச்சிருக்கு. எப்படிக் கேட்கிறது? ஒருமுறை கேட்டன், "நான் அதுக்குத் தகுதியில்லை" எண்டு சொல்லிப்போட்டார்.

அவர் மறுத்தது பெரும்பாலும் நல்ல அடையாளம். "முன்மாதிரியாக இருங்கோ" என்று கேட்டால் ஒழுங்கான மனிதர் எவரும் ஓடத்தான் செய்வார். அப்படிக் கேட்காதீர்கள். அவர் செய்கிற ஒரு வேலையில் சேர்ந்துகொள்ளக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர் என்றால், "ஐயா, நானும் வரட்டோ? பாயாசப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வாறன்" என்று சொல்லுங்கள். ஆலயத்தைக் கூட்டிக் கழுவுகிற அன்ரி என்றால் விளக்குமாறோடு போய் நில்லுங்கள். கேள்விகளை வேலைக்கு நடுவில் கேளுங்கள்: கடன் வந்தபோது என்ன செய்தீர்கள், கலியாணத்துக்கு முன் எப்படி முடிவெடுத்தீர்கள், ஜெபிக்க மனம் வராத காலம் இருந்ததா? நீங்கள் செய்ததில் எது சரியில்லை என்றும் நீங்களே கேளுங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மனம் நோகும் என்று சொல்லமாட்டார்கள். ஆறு மாதம் போன பிறகு, "நீ இப்ப என்ன வாசிக்கிறாய்?" என்று அவராகவே கேட்கத் தொடங்கினால், அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.